பதில் வராத மனு

புதுச்சேரியின் உழவர்கரையில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



குறைந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் அரசின் பண உதவியைக் கேட்டுப் பெறுவது எப்படி நடக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே பேச்சு தொகையின் பக்கம் போய்விடுகிறது. கொடுப்பது போதாது என்பார் சிலர். அள்ளிக் கொடுத்து மக்களைக் கெடுக்கிறார்கள் என்பார் வேறு சிலர். எவ்வளவு கொடுக்கலாம் என்ற அந்த வழக்கை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். மனு கொடுத்த ஒருவருக்கு அந்த மனு என்ன ஆயிற்று என்பதை யார் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி இருக்கிறதே, அதைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். அரசு உதவி கேட்டவர்களில் பலர் மறுக்கப்பட்டுத் தோற்கவில்லை, பதிலே கிடைக்காமல் தோற்கிறார்கள் என்பது என் வாதம். மறுத்தால் மேலே முறையிடலாம். பதிலே இல்லை என்றால் எதன் மேல் முறையிடுவது?

தொகை விஷயத்தில் புதுச்சேரியைக் கஞ்சத்தனமான அரசு என்று யாரும் சொல்லிவிட முடியாது. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் 60 வயதுக்கு மேல் மாதம் 200 ரூபாய், 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். அந்த 200 ரூபாய் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நிற்கிறது. இன்று அதில் ஒரு சிலிண்டர்கூட வாங்க முடியாது. புதுச்சேரியிலோ முதியோர் உதவித்தொகை 55 வயதிலேயே தொடங்கிவிடுகிறது, கைக்கு வரும் தொகையும் மத்தியப் பங்கைப் போலப் பல மடங்கு. அரசின் வேறு மாத உதவி எதுவும் பெறாத, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத் தலைவிகளில் 21 முதல் 55 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் 2023 ஜனவரியில் தொடங்கியது. 2025 மார்ச்சில் சட்டப்பேரவையில் இந்த மாத உதவி, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள சிவப்பு ரேஷன் கார்டுக்காரர்களுக்கு 2500 ரூபாய், அதற்கு மேலுள்ள மஞ்சள் கார்டுக்காரர்களுக்கு 1000 ரூபாய் என்று முதலமைச்சர் ரங்கசாமி அறிவித்தார். அறிவிப்புக்கும் வங்கிக் கணக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல பட்டியல்தான்.

இந்தப் பட்டியலுக்குள் நுழையும் வாசல் எது என்று பாருங்கள். பெரும்பாலான உதவிகளுக்கு வாசல் ஒன்றே ஒன்று: சிவப்பு ரேஷன் கார்டு. அதைப் பெறவும் காப்பாற்றவும் வருமானச் சான்றிதழ். வருமானச் சான்றிதழுக்கு உழவர்கரை தாலுகா அலுவலகம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிகள். ஒரு காலத்தில் இந்த ஊரில் வருமானத்தைக் காட்டுவது எளிதாக இருந்தது. ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலை, சுதேசி, பாரதி என மூன்று ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் கையில் சம்பளச் சீட்டு இருந்தது. அந்த ஆலைகள் 2020-இல் இழுத்து மூடப்பட்டன. ஆனால் சம்பளச் சீட்டு அதற்கும் வெகு முன்பே பெரும்பாலான வீடுகளைவிட்டுப் போய்விட்டது. லாஸ்பேட்டையில் வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கும் மூலக்குளத்தில் சென்டரிங் வேலைக்குப் போகிறவருக்கும் ஆண்டு வருமானம் இவ்வளவு என்று சொல்லும் காகிதம் உலகத்தில் எங்கும் கிடையாது. ஐந்து நாள் வேலை, மூன்று நாள் மழை, பிறகு ஒரு வாரம் மேஸ்திரி போனை எடுக்கவில்லை என்று ஓடும் வருமானத்தை ஓர் எண்ணாக எழுதச் சொன்னால் அது மதிப்பீடாகத்தான் இருக்கும். அந்த மதிப்பீட்டின் மேல் சிவப்பு கார்டு, அந்தக் கார்டின் மேல் மற்ற எல்லாம். அடியில் ஓர் எண் பிசகினால் மேலே உள்ள அத்தனையும் சேர்ந்து விழுகிறது.

எண் மட்டுமல்ல, எழுத்தும் பிசகும். ஓர் உதாரணத்துக்கு லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் கோ. லட்சுமி. ஆதாரில் அப்பா பெயரைப் பின்னால் போட்டு லக்ஷ்மி கோவிந்தன். வங்கி பாஸ்புக்கில் ஆங்கில முதலெழுத்தோடு லட்சுமி ஜி. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வாக்காளர் அட்டையில் கணவரின் முதலெழுத்து. நான்கும் ஒரே ஆள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முதலெழுத்துப் போடும் நம் வழக்கம் இந்தக் கம்ப்யூட்டர்களைச் செய்தவர்களுக்குத் தோன்றவே இல்லை போலும். பெயர் பொருந்தவில்லை என்றால் மனு தள்ளப்படுவதுகூட இல்லை, அப்படியே கிடக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கேட்டால் 'வந்தா மெசேஜ் வரும், போம்மா' என்பது பதில். இதில் எந்த அதிகாரிமீதும் நான் குற்றம் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான் சொல்வார். தள்ளினால் காரணம் எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். கிடக்கவிட்டால் ஒன்றும் எழுத வேண்டாம். எது சுலபம்?

இது என் ஊகம் மட்டும் அல்ல என்பதற்குப் புதுச்சேரியிலேயே சான்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடும் முறை வந்தது. அடுத்த ஆண்டு தாத்ரா நகர் ஹவேலியில். இந்த மூன்று யூனியன் பிரதேசங்களிலும் நிதி ஆயோக்குக்காகக் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளியலாளர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். பணம் போய்ச் சேராத பரிமாற்றங்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றன அரசுப் பதிவேடுகள். வீடுகளில் கேட்டபோதோ, திட்டம் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும், சராசரியாக ஐந்தில் ஒருவர் தனக்குப் பணம் வரவில்லை என்றார். இரண்டு தரப்பில் எவரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆதாரோடு கடைசியாக எந்த வங்கிக் கணக்கு இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் அரசுப் பணம் போகும். எப்போதோ ஏதோ ஒரு முகாமில் திறந்து மறந்துபோன கணக்குக்குப் பணம் போயிருக்கலாம். குறுஞ்செய்தி பழைய செல்போன் எண்ணுக்குப் போயிருக்கலாம். அரசைப் பொறுத்தவரை பணம் சேர்ந்துவிட்டது, குடும்பத்தைப் பொறுத்தவரை வரவில்லை, இரண்டையும் ஒட்டவைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. அரிசியா பணமா என்று 2019-இல் துணைநிலை ஆளுநருக்கும் அமைச்சரவைக்கும் இடையே நடந்த மோதலும், அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். மூடிய ரேஷன் கடைகள் மறுபடி திறக்க 2024 அக்டோபர் ஆயிற்று. அந்தச் சண்டை முழுவதும் எதைக் கொடுப்பது என்பதைப் பற்றியே நடந்தது. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பயனாளிக்குப் பதில் சொல்வதைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பதில் சொல்லாமல் இருப்பதைச் சட்டம் எப்படிப் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு, ஒரு காலத்தில் நம்மை ஆண்ட நாடு நூறு ஆண்டுக்கு முன்பே ஒரு விடை கண்டது. 1900 ஜூலை 17-ஆம் தேதிச் சட்டத்தின்படி, பிரெஞ்சு அரசு அலுவலகம் ஒரு கோரிக்கைக்கு நான்கு மாதம் பதில் தராவிட்டால் அது மறுப்பாகக் கொள்ளப்படும். மேலோட்டமாகப் பார்த்தால் இது மனுதாரருக்குப் பாதகம் போலத் தெரியும். உண்மையில் அது அவருக்குக் கிடைத்த ஆயுதம். மறுப்பு என்று ஆகிவிட்டால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். மௌனத்தின் பின்னால் அலுவலகம் ஒளிந்துகொள்ள முடியாது. 2000-இல் அந்தக் கெடு இரண்டு மாதமாகக் குறைந்தது. 2013-இல் பிரான்ஸ் இன்னும் ஒரு படி ஏறி, மௌனம் சம்மதம் என்பதைப் பொது விதியாக்கியது. ஆனால் பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கைகளுக்குப் பெரும்பாலும் விலக்கு வைத்துக்கொண்டது. கருவூலம் என்று வந்தால் எந்த அரசும் உஷார்தான். அங்கேயும் குறைந்த வருமானக்காரர்களுக்கான அடிப்படை உதவித்தொகைக்குத் தகுதி உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் அதைப் பெறாமலே இருக்கிறார்கள் என்று அரசின் புள்ளியியல் துறையே கணித்திருக்கிறது. ஆகவே பிரான்ஸைச் சொர்க்கமாகக் காட்ட நான் இதைச் சொல்லவில்லை. மௌனத்துக்கு ஒரு சட்டப் பொருள் கொடுக்க முடியும் என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

பிரான்ஸ் வரை போகவேண்டும் என்பதுகூட இல்லை. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதே வழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 30 நாளுக்குள் தகவல் தராவிட்டால் மறுத்ததாகவே கருதி மேல்முறையீட்டுக்குப் போகலாம். கோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. அதே கோப்பில் உள்ள உதவித்தொகையைக் கேட்கிறவருக்கு அதே பாதுகாப்பு ஏன் கூடாது?

எழுத்தில் காரணம் சொல்லி மறுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் அண்மை அனுபவத்தைப் பாருங்கள். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம் பேர். ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 6 லட்சம். நிபந்தனைகள் அப்போது கடுமையாக இருந்தன: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது, நிலத்துக்கும் வரம்பு. அரை கோடிக்கும் மேலான பெண்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தள்ளப்பட்டவர்களுக்குக் காரணம் குறுஞ்செய்தியில் அனுப்பப்பட்டது. அதிலிருந்து 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வழியும் சொல்லப்பட்டது. மேல்முறையீடுகளை ஆராய்ந்த பிறகு, அந்த நவம்பரிலேயே 7 லட்சத்துக்கும் அதிகமானோர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். பழைய மின் கட்டணக் கணக்கு, எப்போதோ விற்றுவிட்ட வண்டி, பெயர்க் குழப்பம் என்று காரணம் எதுவாக இருந்தாலும், அதை எழுத்தில் சொன்னால்தான் 'அது தப்பு' என்று எழுத்தில் பதில் சொல்ல முடியும். எனக்கு அந்தத் திட்டத்தின் வடிகட்டும் முறைமேல் விமர்சனம் உண்டு. மின்சார மீட்டரை வைத்து வறுமையை அளப்பது, கூட்டுக் குடும்பத்துக்கு இழைக்கும் அநீதி. ஆனால் மறுப்பைக் காரணத்தோடு சொன்ன நேர்மைக்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, போலிகள். வசதி உள்ளவர் கையிலும் சிவப்பு கார்டு இருக்கிறது, ஆகவே கெடுபிடி வேண்டும் என்கிறார்கள். அந்தப் புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கெடுபிடி யாரை வடிகட்டுகிறது? வசதி உள்ளவருக்கு ஆள் பலம் உண்டு, ஸ்கேன் எடுத்துத் தர மகன் உண்டு, அலுவலக நேரத்தில் போய் நிற்க ஓய்வும் உண்டு. ஐந்து காகிதம் கேட்டால் அவர் ஐந்தையும் கொண்டுவருவார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவர்தான் நான்காவது காகிதத்தில் தோற்றுப் போவார். சரிபார்ப்பின் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2022 செப்டம்பரில் ஹரியானாவின் ரோத்தக்கில் நடந்ததைச் சொல்லலாம். 102 வயது முதியவர் ஒருவர் இறந்துவிட்டதாகப் பதிவாகி, பென்ஷன் நின்றுபோயிற்று. அவர் ரூபாய் நோட்டு மாலை போட்டுக்கொண்டு, மேளதாளத்தோடு, மாப்பிள்ளை ஊர்வலம் போலத் தெருவில் வந்து, தான் உயிரோடு இருப்பதை ஊருக்கும் அரசுக்கும் அறிவித்தார். பென்ஷன் திரும்ப வந்தது. பட்டியலிலிருந்து பெயரை நீக்கும் முன் வீட்டுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியிருந்தால் இத்தனை மேளம் தேவைப்பட்டிருக்காது. போலியைப் பிடிப்பதற்கும் இதே வழிதான் உதவும். ஒவ்வொரு முடிவும் எழுத்தில் இருந்தால், யார் எந்தக் காரணத்தில் யாருக்கு அனுமதி கொடுத்தார் என்பதும் தெரியவரும்.

இரண்டாவது எதிர்வாதம், இலவசம் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்பது. இதைப் பற்றி அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் சக ஆய்வாளர்களும் ஆறு வளரும் நாடுகளின் பண உதவித் திட்டங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், உதவி பெற்றவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டதற்கான சான்று இல்லை. மாதம் 1000 ரூபாயை நம்பி வேலையை விடுகிறவரை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசலாம். இதில் சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. உணவு உரிமை வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் முதியோர் ஓய்வூதியம் உள்ளிட்ட எட்டுத் திட்டங்களைச் சட்டப்படியான உரிமைகளாக்கியது. ஓய்வூதியத்தை மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கச் சொன்னது. உரிமை என்று ஆன பிறகு அதை இலவசம் என்று பேசுவதில் பொருள் இல்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா பஞ்சாலையில் 12 தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்த பிறகுதான் இந்த ஊருக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. அதை இன்று யாரும் இலவசம் என்று சொல்வதில்லை.

மூன்றாவது, பணம் எங்கே என்ற கேள்வி. இதுதான் கனமான எதிர்வாதம். யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரி நிதிக் குழுவின் பகிர்வுக்குள் வருவதில்லை. சொந்த வருவாய் போக, மீதிக்கு மத்திய அரசின் மானியத்தையும் கடனையும் நம்பியிருக்கிறது. தகுதி உள்ள எல்லோருக்கும் உடனே கொடுக்க முடியாத நிலை வரலாம். 2021-இல் புதிய அரசு பொறுப்பேற்றதும் மேலும் 10,000 பேருக்கு முதியோர் உதவித்தொகை என்று உத்தரவிட்டது. நல்ல செய்தி. ஆனால் தகுதி இருந்தும் காத்திருந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள் என்பதையும் அதே செய்தி சொல்கிறது. பணம் இல்லை என்றால் அதையே எழுதிக் கொடுக்கட்டும். 'தங்கள் மனு ஏற்கப்பட்டது. தகுதி உண்டு. நிதி ஒதுக்கீடு வந்ததும் வழங்கப்படும். வரிசை எண் இது.' இப்படி ஒரு தாள் கையில் இருந்தால் மூதாட்டி வாரம் ஒருமுறை ஆட்டோ பிடித்து வரமாட்டார். இடைத்தரகர் ஒருவரும் அவரிடம் காசு வாங்க முடியாது. வரிசை எண்கள் வெளியே தெரிந்தால், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைச் சட்டப்பேரவையில் அரசு மறைக்கவும் முடியாது. அரசுகள் இந்தத் தாளைக் கொடுக்கத் தயங்குவதற்கு அதுவே காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

நான்காவதாக, மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை, முகாம் நடத்தினால் சரியாகிவிடும் என்பார்கள். தகவல் தேவைதான். ஆனால் தகவல் மட்டும் எவ்வளவு தூரம் போகும்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், உணவு உதவிக்குத் தகுதி இருந்தும் பெறாத சுமார் 30,000 முதியவர்களை வைத்து ஏமி ஃபிங்கெல்ஸ்டீனும் மேத்யூ நோட்டோவிடிக்டோவும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒன்பது மாதத்தில், எதுவும் செய்யப்படாத குழுவில் 6 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். உங்களுக்குத் தகுதி உண்டு என்று கடிதம் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினர். கடிதத்தோடு படிவம் நிரப்பவும் ஆள் உதவி கிடைத்தவர்களில் 18 விழுக்காட்டினர். படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே துண்டுப் பிரசுரம் பாதி தூரம்தான் போகிறது. மேட்டுப்பாளையத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பதைவிட, வார்டுக்கு ஒரு நாள் ஓர் ஊழியர் உட்கார்ந்து, பெயர்ப் பொருத்தத்தை அங்கேயே சரிசெய்து, தேதி முத்திரையோடு ஒப்புகைச் சீட்டு கொடுத்தால் பலன் அதிகம். உழவர்கரை நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படியே 3 லட்சம் மக்கள். புதுச்சேரி நகராட்சியைவிடப் பெரியது. இந்த ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கேட்கிறவர்களின் பக்கமும் சில செய்ய வேண்டியிருக்கிறது. மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகரக் கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டால், என் மனு இப்போது எந்த மேசையில் இருக்கிறது, யார் எப்போது என்ன குறிப்பு எழுதினார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். அதற்கான பத்து ரூபாய் கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. சிவப்பு கார்டின் நகலை இணைத்தால் போதும். முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரியிடம். அதற்கும் மேல் போனால், யூனியன் பிரதேசம் என்பதால், டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். எழுதத் தெரியாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி உண்டு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் அந்த உதவிக்கு வருமான வரம்பே கிடையாது. இத்தனையும் தனி ஒருவர் தலையில் ஏற்றும் சுமை என்பது எனக்குத் தெரியும். குடியிருப்போர் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதைக் கூட்டாகச் செய்தால் சுமை பங்கிடப்படும். ஒரே தெருவிலிருந்து இருபது பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் அலுவலகமும் முறையை மாற்றிக்கொள்ளும்.

சட்டம் எதையும் திருத்தாமலே அரசு நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. குடும்பத் தலைவிக்கான மாத உதவியில் மேல் வயது வரம்பு 55. முதியோர் உதவித்தொகையின் தொடக்க வயதும் 55. ஒரு பட்டியலின் கடைசி வயதும் அடுத்த பட்டியலின் முதல் வயதும் ஒன்றேதான். அந்தப் பெண்ணின் பிறந்த தேதி அரசிடம் இருக்கிறது, கார்டு எண் இருக்கிறது, மாதா மாதம் பணம் போட்ட வங்கிக் கணக்கும் இருக்கிறது. அவர் மறுபடியும் வருமானச் சான்றிதழ் வாங்கி, மறுபடியும் போட்டோ ஒட்டி, மறுபடியும் அதே வரிசையில் நிற்க வேண்டிய தேவை என்ன? வயது வரம்பு நெருங்கும்போதே மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை அவருடைய பெயரை அடுத்த பட்டியலுக்குத் தானாகவே மாற்றி, மாற்றியதை அவருக்கு ஒரு கடிதத்தில் தெரிவிக்கலாம். மாற்ற முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதலாம்.